அப்பாவுக்கு இனிக் கீமோ இல்லையாம். நல்லூர்த் திருவிழாவுக்குக் கொண்டுபோகலாமோ?

கொக்குவில்மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 72 வயசு. புரொஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவீட்டுது: இடுப்பு, முள்ளந்தண்டு, ஒரு விலா. இனிக் கீமோவால பிரயோசனம் இல்லை, நோவையும் மற்றக் கரைச்சல்களையும் பாக்கிற வைத்தியம்தான் எண்டு கிளினிக்கில சொல்லீட்டினம். மோர்பின் 10 மில்லிகிராம் குளிசை, 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டு எழுதியிருக்கு. பழகிப் போயிடும் எண்ட பயத்தில அம்மா, நோ தாங்க ஏலாமல் வந்தால்தான் குடுக்கிறா. சிறுநீர் போகக் கதீற்றர் குழாய் போட்டிருக்கு. ஆள் தெளிவு. கையைப் பிடிச்சால் பத்துப் பன்னிரண்டு அடி நடப்பார்.

நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்கு இன்னும் ஐஞ்சு கிழமை இருக்கு. ஒருக்கா நல்லூருக்குப் போகவேணும் எண்டுதான் அவர் கேக்கிறார், வேற ஒண்டும் கேக்கேல்லை. சொந்தக்காரர் எல்லாரும் "விசரோ, படுக்கவிடுங்கோ" எண்டு ஏசினம். ஏலுமோ? ஏலுமெண்டால் எப்பிடி?

பழைய_வாட்டுக்காரி:
ஏலும். ஆனால் கோயிலைப் பற்றி யோசிக்க முதல் உந்தக் குளிசைக் கதையைச் சரிப்படுத்துங்கோ. நோ வந்தாப்பிறகு குடுத்தால் நீங்கள் எந்த நேரமும் நோவுக்குப் பின்னால ஓடிக்கொண்டுதான் இருப்பியள். சாதாரண மோர்பின் குளிசை வேலை செய்யத் தொடங்க 20, 30 நிமிசம் எடுக்கும், 4 மணித்தியாலத்தில வேகம் போயிடும். அதாலதான் மணிக்கணக்கில எழுதியிருக்கினம். காலமை 6, 10, பின்னேரம் 2, 6, இரவு 10. இரவு 10 மணிக்கு ரெண்டு குளிசையைச் சேர்த்துக் குடுத்தால் 2 மணிக்கு எழுப்பத் தேவையில்லை. இந்த இரட்டை டோசைக் கிளினிக்கில கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கோ, அவைக்குப் புதுசில்லை.

இப்பிடிக் குடுத்தும் இடையில நோ வந்தால், அதுக்கெண்டு தனி டோஸ் இருக்கு. ஒரு நாள் மொத்தத்தில ஆறில ஒரு பங்கு. உங்கட கணக்கில நாளைக்கு 60 மில்லிகிராம், அப்ப மேலதிக டோஸ் 10. அதைக் குடுத்தால் அடுத்த வழமையான டோசைத் தள்ளிப்போடக் கூடாது, கன வீடுகளில குழம்பிறது இந்த இடத்திலதான். ஒரு கொப்பியில நேரம், எவ்வளவு குடுத்தது, 10க்கு எத்தினை நோ, அரை மணித்தியாலத்தாலை எத்தினை எண்டு எழுதுங்கோ. நாளைக்கு மூண்டு தரத்துக்கு மேல மேலதிக டோஸ் தேவைப்பட்டால், டொக்டர் அந்தக் கொப்பியைப் பாத்து வழமையான டோசை மூண்டில ஒண்டோ பாதியோ கூட்டுவார். கொப்பி இல்லாமல் போனால் "எப்பிடி இருக்கு?", "பரவாயில்லை டொக்டர்" எண்டு ரெண்டு நிமிசத்தில வெளியில வந்திடுவியள்.

பழக்கம் எண்ட பயத்தை விடுங்கோ. நோவுக்குக் குடுக்கிற மோர்பினுக்கு உடம்பு பழகும், அதாலை சடாரெண்டு நிப்பாட்டக் கூடாது. அது வேற, போதைக்கு அடிமையாகிறது வேற. அளவா ஏத்திக் குடுத்தால் ஆயுளும் குறையாது. முதல் மூண்டு நாலு நாள் நித்திரைத் தூக்கமா இருப்பார், பிறகு அது தெளியும். சத்தி வாற மாதிரி இருந்தால் அதுவும் ஒரு கிழமைக்குள்ள அடங்கும், அதுவரைக்கும் மெட்டோக்ளோபிரமைட் கேளுங்கோ. அடங்காதது மலச்சிக்கல் ஒண்டுதான். மோர்பின் தொடங்கின அண்டைக்கே மலமிளக்கியும் தொடங்கவேணும்: பிசகோடில் 5 மில்லிகிராம் இரவில ஒண்டு ரெண்டு, தேவையெண்டால் லக்ருலோஸ் 15 மில்லிலீற்றர் ரெண்டு நேரம். இசப்கோல் குடுக்காதையுங்கோ, தண்ணி குறைவாக் குடிக்கிற ஆளுக்கு அது குடலுக்குள்ள கட்டியாகி நிண்டிடும். மூண்டு நாள் வெளிக்குப் போகாட்டில் கிளினிக்குக்குச் சொல்லுங்கோ. கன நாள் போகாமல் இருந்திட்டுத் தண்ணியா ஒழுகினால் அது வயித்தோட்டம் இல்லை, இறுகின மலத்துக்குப் பக்கத்தால கசியிறது. அதுக்கு வயித்தோட்டக் குளிசை குடுத்தால் இன்னும் இறுகும்.

கை கால் திடீர் திடீரெண்டு துள்ளுறது, ஆளில்லாத இடத்தில ஆளைக் காணுறது, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை, நிமிசத்துக்கு எட்டுக்குக் குறைஞ்ச மூச்சு, இதுகள் மோர்பின் கூடிப்போன அடையாளம். சிறுநீரகம் பழுதாகினால் அதே டோசே கூடிப்போகும். புரொஸ்டேட் காரருக்குச் சிறுநீர் அடைபட்டு அப்பிடி வர இடமிருக்கு, எண்டபடியால் கதீற்றரில எவ்வளவு போகுது எண்டதையும் அதே கொப்பியில எழுதுங்கோ.

இன்னொண்டு, இது அவசரம். ஐஞ்சு கிழமை இருக்கெண்டு சொன்னியள். இடுப்பெலும்பு நோவுக்கு ஒரே தரம் குடுக்கிற கதிர் வைத்தியம் இருக்கு, 8 கிரே. பல நாள் குடுக்கிறதுக்குச் சமனா நோவைக் குறைக்கும். முதல் ரெண்டு மூண்டு நாள் நோ கூடிக் காட்டும், முழுப் பலன் தெரிய ரெண்டிலயிருந்து நாலு கிழமை வேணும். அதாலை இந்தக் கிழமையே தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில கேளுங்கோ. திருவிழாவுக்கு முதல் கிழமை கேட்டால் பிந்தீடும்.

வான்சாரதி_இல்லை:
மேல சொன்னது ஒவ்வொண்டும் சரி. நான் போக்குவரத்தைப் பற்றி மட்டும் எழுதுறன்.

முதல்ல நாளைத் தெரிவு செய்யுங்கோ. 25 நாளில தேர், சப்பறம், மஞ்சம் மூண்டையும் விடுங்கோ, சனத்துக்குள்ள வீல்செயார் திருப்ப ஏலாது. கொடியேறினதுக்கும் மஞ்சத்துக்கும் இடையில, சனி ஞாயிறு இல்லாத ஒரு நாள், விடியக்காலமைப் பூசை. வெயில் ஏற முதல் வீட்டை வந்திடலாம். முதல் நாளும் அடுத்த நாளும் கிளினிக், விருந்தாளி ஒண்டும் வையாதையுங்கோ. அந்த ஒண்டரை மணித்தியாலத்துக்கு உடம்பு ரெண்டு நாள் வட்டி கேக்கும்.

திருவிழாக் காலத்தில கோயிலைச் சுத்தின வீதியளை மறிச்சிடுவினம். கோயிலடியில மணலும் பரவியிருக்கும். வீல்செயாரின்ரை முன் சில்லுச் சின்னன், மணலுக்குள்ள தாண்டு போய் ஆள் முன்னுக்குச் சரிவார். மணலில முன்னுக்குத் தள்ளவே கூடாது. கதிரையைத் திருப்பி, பின்பக்கமாச் சரிச்சு, பெரிய சில்லு ரெண்டில மட்டும் பின்னோக்கி இழுக்கவேணும். ஒராள் பிடியில, மற்றாள் கால்மிதிப் பக்கத்தில. மடிக்கிற சாதாரணக் கதிரை காணும், ஆனால் இருக்கையில மூண்டு நாலு அங்குல இறுக்கமான ஸ்பொஞ் போடுங்கோ. ரியூப் மாதிரி வளையக் குஷன் வாங்காதையுங்கோ. நடுவில ரத்தவோட்டத்தைத் தடுத்து, புண் வராத இடத்திலயும் புண் வரப்பண்ணும். கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு பக்கம் சரிச்சுப் பாரத்தை மாத்துங்கோ.

ஓட்டோ வேண்டாம். பள்ளம் திட்டி எல்லாம் நேர முள்ளந்தண்டுக்குத்தான் போகும். கார் இல்லாட்டிச் சீற் பதிவான வான், முன் சீற்றைப் பின்னுக்குச் சரிச்சு விடுங்கோ. சீற்றுக்கு மேல ஒரு பெரிய பொலித்தீன் பையை விரிச்சால், முதல்ல இருத்திப்போட்டுப் பிறகு ரெண்டு காலையும் சேர்த்துத் திருப்பலாம், வழுக்கிக்கொண்டு வருவார். திருப்பினவுடன பையை இழுத்தெடுங்கோ, இல்லாட்டிப் பிரேக் அடிக்கேக்க முன்னுக்கு வழுக்குவார். கமக்கட்டுக்குள்ள கையைக் குடுத்துத் தூக்காதையுங்கோ. புற்று இருக்கிற எலும்பு அந்த இழுவைக்கே முறியும், விலாவிலயும் இருக்கெண்டு எழுதியிருக்கிறியள். இடுப்பைச் சுத்தித் தாழ்வா ஒரு சால்வையைக் கட்டி அதைப் பிடிச்சுத்தான் எழுப்பவேணும்.

உள்ள போறதெண்டால் ஆம்பிளையள் மேலுடுப்புக் கழட்டவேணும். தலையால கழட்டிற பெனியன் போட்டால் அந்த நேரம் நோகும். முன்னால பொத்தான் வைச்ச அரைக்கைச் சேட்டு நல்லம். கதீற்றருக்குத் தொடையில கட்டிற சின்னப் பை இருக்கு, வேட்டிக்குள்ள தெரியாது. எந்தப் பையெண்டாலும் சலப்பைக்குக் கீழ இருக்கவேணும். மடியில தூக்கி வைச்சால் திரும்பி ஓடிக் கிருமி பிடிக்கும். மூண்டில ரெண்டு பங்கு நிரம்ப முதல் வெறுமையாக்குங்கோ, வெளிக்கிட முதல் ஒருக்காக் கட்டாயம்.

வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முதல் அந்த மேலதிக டோசைக் குடுங்கோ, நோ இல்லாட்டிலும். ஆனால் முதல் தரம் பரீட்சிக்கிறது நல்லூரில இருக்கக் கூடாது. ஒரு கிழமைக்கு முதல் பக்கத்துக் கோயிலுக்கோ கடற்கரைக்கோ அரை மணித்தியாலம் கொண்டுபோய்ப் பாருங்கோ. எந்த இடத்தில நோகுது, எவ்வளவு நேரம் இருக்க ஏலும் எண்டது அதில தெரியும். பையில ரெண்டு மேலதிகக் குளிசை, கிளினிக் கொப்பி, தண்ணி, ஒரு துவாய், பனையோலை விசிறி.

பழைய_வாட்டுக்காரி:
விசிறி எண்டதும் ஞாபகம் வந்தது. மூச்சு முட்டுதெண்டு சொன்னால் மூக்கு, கன்னப் பக்கம் காத்துப் படுகிற மாதிரி விசிறுங்கோ. முகத்தில படுகிற குளிர்காத்து மூச்சுமுட்டல் உணர்வைக் குறைக்கும், பரீட்சிச்சுப் பாத்த விசயம். ஒட்சிசன் சிலிண்டர் ஓடி வாங்கிறது ரத்தத்தில ஒட்சிசன் குறைஞ்ச ஆளுக்குத்தான் உதவும்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. புதுசா முதுகு நோ, இருமினால் தும்மினால் கூடுது, கால் பலமில்லாமல் மடங்குது, இடுப்புக்குக் கீழ விறைப்பு, இதில எது வந்தாலும் அண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, அடுத்த கிளினிக் வரை பாத்திருக்காதையுங்கோ. முள்ளந்தண்டுக்குள்ள நரம்பு நெரிபடுகுது எண்டு அர்த்தம். நடை விழ முதல் வைத்தியம் தொடங்கினால் நடை மிஞ்சும், விழுந்தாப்பிறகு பெரும்பாலும் திரும்பாது. "இனி என்ன, கடைசி வைத்தியம்தானே" எண்டு இதை விடுற ஆக்கள் இருக்கினம். இருக்கிற நாளை நடந்து கழிக்கிறதோ படுத்துக் கழிக்கிறதோ எண்டதை முடிவு செய்யிறது இதுதான்.

கொக்குவில்மகள்:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விசயம் கேக்கவேணும். அப்பாவுக்கு வருத்தம் புற்றுநோய் எண்டு தெரியும், வைத்தியம் முடிஞ்சுது எண்டது தெரியாது. அண்ணா கனடாவிலயிருந்து "சொல்லவே வேண்டாம், மனம் விட்டிடுவார்" எண்டு நிக்கிறார். மற்றது, சாப்பாடு நல்லாக் குறைஞ்சிட்டுது. வீட்டிலயே ஆளைக் கூப்பிட்டுச் சேலைன் ஏத்துவம் எண்டு மாமா சொல்லுறார்.

இணுவிலான்:
நேர சொல்லவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். அவரிட்டக் கேளுங்கோ: "அப்பா, டொக்டர் சொன்னதில உங்களுக்கு என்ன விளங்கினது? இன்னும் அறிய விருப்பமோ, இல்லை எங்களைப் பாக்கச் சொல்லுறியளோ?" சில பேர் "நீங்களே பாருங்கோ" எண்டிடுவினம், அதுவும் அவை எடுத்த முடிவுதான். ஆனால் திருவிழாவுக்கு ஒருக்காப் போகவேணும் எண்டு, அதுவும் வேற ஒண்டும் கேக்காமல், கேக்கிற மனுசனுக்கு விசயம் தெரியாதெண்டு நான் நம்பேல்லை. வீட்டில எல்லாரும் நடிக்கேக்க அவரும் சேர்ந்து நடிக்கவேண்டிக் கிடக்கும். காணிக்கதை, மன்னிப்புக்கதை ஒண்டையும் அவரால எடுக்க ஏலாது.

அண்ணாவுக்கு ஒண்டு சொல்லுங்கோ. 2010இல அமெரிக்காவில, பரவின நுரையீரல் புற்றுநோய்க்காரர் 151 பேரில செய்த ஆய்வு ஒண்டு இருக்கு. வழமையான வைத்தியத்தோட இந்த ஆதரவு வைத்தியமும் தொடக்கத்திலயே கிடைச்ச ஆக்கள் மனச்சோர்வு குறைஞ்சு இருந்ததோட, சராசரியா 11.6 மாதம் இருந்திச்சினம், மற்ற ஆக்கள் 8.9 மாதம். உங்கட அப்பாவின்ரை வருத்தம் வேற, அந்தக் கணக்கை இவருக்குப் பொருத்த ஏலாது. ஆனால் இந்த வைத்தியத்துக்கு மாறினதே கைவிட்டது எண்டு நினைக்கிறது பிழை. அண்ணா வாறதெண்டால் நல்லூர்க் கிழமைக்கு வரச் சொல்லுங்கோ. கதைக்க ஏலுமான ஆளோட இருக்கிற நாலு நாள், செத்தவீட்டுக்கு வந்து நிக்கிற நாலு நாளை விடப் பெறுமதி.

ரெலிபோன் கோலும் விருந்தாளியும் இன்னொரு பிரச்சினை. ரொறொன்ரோவில இரவு எட்டு மணி எண்டால் இஞ்சை விடிய ஐஞ்சரை. அந்த நேரத்தில அடிச்சு எழுப்பிக்கொண்டிருந்தால் ஆள் பகல் முழுக்கத் தூங்குவார். இஞ்சை பின்னேரம் ஐஞ்சு மணியை நேரமா வையுங்கோ, அங்கை காலமை ஏழரை, லண்டனில மத்தியானம் பன்னிரண்டரை. வந்து பாக்கிற ஆக்களுக்கும் அதே ஒரு மணித்தியாலம்தான், ஆளுக்குக் கால் மணித்தியாலம். படலையடியில நிண்டு இதைச் சொல்ல உங்கட வீட்டில கொஞ்சம் வாய்க்காரர் ஒராளைப் போடுங்கோ, அம்மாவால ஏலாது.

பழைய_வாட்டுக்காரி:
சேலைன் இப்ப வேண்டாம். பசி குறையிறது வருத்தத்தால. சாப்பிடாததால வருத்தம் கூடுது எண்டு நினைச்சுத் திணிக்காதையுங்கோ. திணிச்சால் புரையேறி நெஞ்சுக்குள்ள சளி கட்டும். பெரிய கோப்பையில சோறு வைச்சால் பாத்தவுடனயே வெறுத்திடும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாலைஞ்சு கரண்டி காணும்: பால்கஞ்சி, ஐஸ்கிறீம், குழைஞ்ச பப்பாப்பழம், கூழ் ஆசையெண்டால் முள்ளில்லாமல் வடிச்ச கூழ். இருத்தி வைச்சுக் குடுங்கோ, முடிஞ்சு அரை மணித்தியாலம் படுக்கவிடாதையுங்கோ. சாப்பிடாததுக்கு முதல்ல வாயைத் திறந்து பாருங்கோ. நாக்கில வெள்ளை படிஞ்சு வழிச்சால் சிவக்குதெண்டால் பங்கசு, நிஸ்ரற்றின் துளி மருந்துக்கு மாறும். வாய் கொப்புளிக்க ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, நாளைக்கு நாலு தரம், நாளுக்கு நாள் புதுசா.

வைத்தியபீடம்_99:
ஒரு சின்ன மறுப்பு. "சேலைன் வேண்டாம்" எண்டதை ஒரே விதியா வைக்கக் கூடாது. ரெண்டு நாள் சத்தி எடுத்தவர், வெயிலுக்கு வாடினவர், நேற்று வரை எழும்பி நடந்தவர் எண்டால் ஒரு போத்தல் சேலைன் ஆளைத் திருப்பும். திடீரெண்டு தண்ணி விடாய், குழப்பம், மலச்சிக்கல் கூடுறது மூண்டும் சேர்ந்து வந்தால் இரத்தத்தில கல்சியத்தையும் பாக்கச் சொல்லுங்கோ, அதுவும் திருத்தக்கூடியது. ஆனால் நாள் முழுக்க நித்திரை, விழுங்க ஏலாது, சிறுநீர் குறைஞ்சு கடும்நிறம், கைகால் குளிர்ந்து முழங்காலில நீலத்திட்டு எண்ட கட்டத்தில ஏத்தினால், அந்தத் தண்ணி காலிலயும் நெஞ்சுக்குள்ளயும்தான் தேங்கும், தொண்டை இரைச்சலும் கூடும்.

பழைய_வாட்டுக்காரி:
ஒத்துக்கொள்ளுறன், அப்பிடிப் பிரிச்சுச் சொல்லுறதுதான் சரி.

அந்தக் கடைசிக் கட்டத்துக்கு இப்பவே ரெண்டு விசயத்தைக் கேட்டு வையுங்கோ. ஒண்டு, விழுங்க ஏலாமல் போனால் மோர்பினை எப்பிடிக் குடுக்கிறது? தோலுக்குக் கீழ வண்ணத்துப்பூச்சி ஊசியை விட்டுவைச்சு அதால குடுக்கலாம். குளிசையில குடுத்ததில பாதி அளவுதான் ஊசிக்கு. உங்கட வீட்டுக்கு வந்து செய்யக்கூடியது ஆர் எண்டதைக் கிளினிக்கில இப்ப கேளுங்கோ, அண்டைக்குக் கேட்டால் பிந்தீடும். நீண்டநேரக் குளிசைக்கு மாத்தியிருந்தால் அதை இடிச்சுக் கரைக்கவே கூடாது. பன்னிரண்டு மணித்தியால மருந்து ஒரேயடியா உள்ள போகும்.

மற்றது தொண்டை இரைச்சல். பாக்கிற ஆக்களுக்குத்தான் அது கொடுமை, மயக்கத்தில இருக்கிறவர் பெரும்பாலும் அதை உணரார். ஒரு பக்கம் சரிச்சுப் படுக்கவைச்சாலே பாதி குறையும், மிச்சத்துக்குப் பஸ்கோபான் ஊசி. மெசினால உறிஞ்சிறது தொண்டையைக் கிண்டி இன்னும் சுரக்கப்பண்ணும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்கவைக்கிறது, சீலையோட தூக்கி நகர்த்திறது (இழுக்கிறதில்லை), கெண்டைக்காலுக்குக் கீழ தலையணி வைச்சுக் குதி படாமல் விடுறது, இதெல்லாம் இப்பவே தொடங்கவேண்டியது. சிவந்த இடத்தை உரஞ்சித் தேய்க்காதையுங்கோ, உள்ள தசை கிழியும். அமைதியில்லாமல் பிரண்டு கத்தினால் மருந்து கேக்க முதல் கதீற்றர் அடைச்சிருக்கோ எண்டு பாருங்கோ.

வீட்டிலயே இருக்கிறதெண்டு அப்பா முடிவெடுத்தால் அதை எல்லாருக்கும் சொல்லி வையுங்கோ. 1990க்கு (அம்புலன்ஸ்) அடிச்சால் வாற ஆக்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் வருவினம். பதட்டத்தில அடிக்கப்போறது பெரும்பாலும் மாமாதான்.

நொத்தாரிசு_மருமகன்:
காகிதக் கதை ஆரும் எழுதேல்லை. டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை மூண்டையும் ஒரு கோவையில போட்டு வையுங்கோ. வீட்டு மரணத்தைப் பதிய ஜி.எஸ்ஸிட்ட (கிராம சேவகர்) அறிவிக்கவேணும், அப்ப இதுகள் கையில இருந்தால் அலைச்சல் குறையும்.

மரணசாசனம் எழுத விருப்பமெண்டால் இந்த மாதம் எழுதுங்கோ. நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும், நொத்தாரிசு இல்லாட்டி ஐஞ்சு சாட்சி. மோர்பின் கூட்டின முதல் நாலு நாளில கையெழுத்து வைக்காதையுங்கோ. தெளிவான நேரம், பொதுவாக் காலமைப் பக்கம், அதே நாளில டொக்டர் "சுயபுத்தியோட இருக்கிறார்" எண்டு ஒரு துண்டு தந்தால் பிறகு ஆரும் கிண்டிறது கஷ்டம். தேசவழமையில (யாழ்ப்பாணத் தமிழரின்ரை சொத்துச் சட்டம்) தேடியதேட்டத்தில, அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்தில, அம்மாவுக்குப் பங்கு இருக்கு, அப்பிடியான காணியை முழுக்க அப்பா எழுத ஏலாது, காணி உறுதிகளை நொத்தாரிசுக்குக் காட்டிப்போட்டு எழுதுங்கோ.

அண்ணாவின்ரை பேரில அற்றோணி (அப்பாவுக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) எழுதினால் எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்காதையுங்கோ. உயிர் போன நிமிசத்தோட அற்றோணித் தத்துவம் செல்லாது. அதுக்குப் பிறகு அந்தக் காகிதத்தைக் கொண்டு வங்கியில காசெடுத்தால் வழக்கு. மருந்துக்கும் வானுக்கும் வீட்டுச் செலவுக்கும் அம்மாவின்ரை கைக்குக் காசு வேணும், அதாலை ஒரு கணக்கை அம்மாவோட கூட்டுக் கணக்கா மாத்திறதுக்கு அப்பா ஒருக்கா வங்கிக்குப் போகவேணும். போக ஏலாட்டி மனேச்சரிட்டக் கேட்டுப் பாருங்கோ, சில கிளையள் ஆளை வீட்டுக்கு அனுப்புவினம்.

கொக்குவில்மகள்:
நேற்று இரவிலயிருந்து மணிக்கணக்கில குடுக்கத் தொடங்கீட்டம், பிசகோடிலும் வாங்கியாச்சு. தெல்லிப்பழைக்கு வியாழக்கிழமை. தொடையில கட்டிற பை எங்கை வாங்கலாம்?

வான்சாரதி_இல்லை:
பெரியாஸ்பத்திரிக்கு முன்னால இருக்கிற பாமசியளில கேளுங்கோ. ரெண்டு வாங்குங்கோ, பட்டி தண்ணியில இழுபட்டுத் தளரும். கட்டேக்க பட்டிக்குள்ள ரெண்டு விரல் போகவேணும். வீட்டில ஒரு நாள் முழுக்கக் கட்டி வைச்சுக் குழாய் எங்கையும் மடியுதோ எண்டு பாருங்கோ. கதிரையில இருக்கேக்க முழங்காலடியில மடிஞ்சால் பையின்ரை குழாயை (கதீற்றரை இல்லை) அரை அங்குலம் அரை அங்குலமா வெட்டிக் குறுக்கலாம், கத்தரிக்கோலைக் கழுவிப்போட்டு.